கதே பார்த்த பனை

பதுவை அந்தோனியாரை நம்மூரில் தெரியாதவர்கள் குறைவு. இத்தாலியில் அவருடைய பேராலயத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் வட்டமான மதில் ஒன்று வரும். அதற்குள் இருப்பது பதுவா பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டம். 1545இல் தொடங்கியது, இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. பீசா பல்கலைக்கழகத் தோட்டம் இதைவிடச் சற்று மூத்தது என்றாலும், அது இடம் மாறிவிட்டது.

அழகுக்காகப் போட்ட தோட்டமல்ல இது. அன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை வேர், பட்டை, இலைதான். ஒன்றைப்போல இன்னொன்று இருக்கும். சரக்கு மாறினால் நோயாளியின் பாடு திண்டாட்டம். மாணவர்கள் ஏட்டில் படிப்பதைச் செடியாகவே பார்க்கட்டும் என்று பிரான்செஸ்கோ பொனாஃபேதே என்ற பேராசிரியர் கேட்க, வெனிஸ் குடியரசு சம்மதித்தது. மூலிகைக்கு நல்ல விலை கிடைத்த காலம். செடிகள் களவுபோயின. 1552இல் மதில் எழுந்தது அதனால்தான்.

தோட்டத்தின் நட்சத்திரம், எண்கோணக் கண்ணாடி வீட்டில் நிற்கும் ஒரு பனை. மத்தியதரைக்கடல் கரையில் புதராக வளரும் குட்டை இனம். 1585இல் நட்டது இங்கே சுமார் 10 மீட்டர் உயர்ந்திருக்கிறது. 1786இல் ஜெர்மன் கவிஞர் கதே இதன் முன் நின்றார். அடியில் ஈட்டி போன்ற எளிய இலை. மேலே போகப் போக அது பிளந்து, கடைசியில் முழு விசிறி. பனங்கொட்டை முளைத்து வரும் முதல் ஓலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கதேவுக்கோ பெரும் வியப்பு. தோட்டக்காரரிடம் சொல்லி அந்த இலைகளை வரிசையாக வெட்டி வாங்கி, அட்டைகளில் வைத்து ஊருக்குச் சுமந்து போனார்.

இதழும் மகரந்தத்தாளும்கூட உருமாறிய இலைகளே என்று 1790இல் அவர் நூல் எழுதினார். கவிஞரின் கற்பனை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. இருநூறு ஆண்டு கழித்து, கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அரபிடாப்சிஸில் பூவுறுப்புகளை வகுக்கும் மரபணுக்கள் செயலிழந்தபோது, இதழ் வரவேண்டிய இடத்தில் இலை போன்றவை முளைத்தன. கவிஞர் பெரிதாகத் தவறவில்லை.

1750இல் நட்ட ஜின்கோவும் இங்கே உண்டு. அது ஆண் மரம். 19ஆம் நூற்றாண்டில் பாடம் நடத்த வசதியாக அதில் பெண் கிளை ஒன்றை ஒட்டுக்கட்டினார்கள். வாத்தியார் மூளை!

பனைக்கும் மூத்தது ஒன்று இருந்தது: நம் நொச்சியின் பங்காளி இனம், 1550இல் நட்டது. அது 1984இல் பட்டுப்போனது. மூத்த மரம் என்ற இடம் பனைக்கு வந்தது அதன் பிறகுதான்.