காற்று எட்டாத இடத்தில் கரையும் இரும்பு

“சமையலறை சிங்க் முழுக்கப் பளபளவென்று இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் நாரை ஈரத்தோடு போட்டு வைக்கும் மூலையில் மட்டும் பழுப்புப் புள்ளிகள். தண்ணீர் எல்லா இடத்திலும்தானே படுகிறது, அங்கே மட்டும் ஏன்?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கடைக்காரர் மட்டமான ஸ்டீலைத் தலையில் கட்டிவிட்டாரோ என்ற சந்தேகமும் அவருக்கு உண்டு.

ஸ்டீல் மட்டமாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல ஸ்டீலிலும் முதல் புள்ளி அந்த மூலையில்தான் விழும். துருவுக்குத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியானால் காற்று தாராளமாகப் படும் இடம்தான் அதிகம் அரிக்க வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஈரத்துக்கு அடியில், ஆக்சிஜன் சரியாக எட்டாத இடத்தில்தான் இரும்பு கரைகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட வேண்டும். அதில் இரண்டு நிறங்காட்டிகள் கலந்திருக்கும். பொட்டாசியம் ஃபெரிசயனைடு, இரும்பு கரையும் இடத்தை நீலமாகக் காட்டும். பினாப்தலீன், காரம் உண்டாகும் இடத்தை இளஞ்சிவப்பாகக் காட்டும். முதலில் இரு நிறங்களும் துளி முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிதறித் தெரியும். தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் காட்சி மாறிவிடும். துளியின் நடுவில் நீலம், ஓரத்தில் இளஞ்சிவப்பு, இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு. ஓரத்தில் தண்ணீர் மெல்லியது. காற்றிலிருந்து ஆக்சிஜன் உடனுக்குடன் உள்ளே வந்துவிடும். நடுப்பகுதிக்கு அது வந்து சேர்வதில்லை.

இந்தத் துளியைப் பழைய காலத்து வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓரம் திண்ணை, நடு உள்ளறை. ஆக்சிஜன் திண்ணைக்கு வரும் விருந்தாளி. அவரை உபசரிக்க எலெக்ட்ரான் என்ற காசு வேண்டும். அது உள்ளறையிலிருந்து சுவர் வழியே, அதாவது உலோகத்தின் வழியே, திண்ணைக்கு வருகிறது. உள்ளறையோ தன் தரைக் கல்லையே பெயர்த்து விற்றுத்தான் காசு தருகிறது. ஒவ்வொரு இரும்பு அணுவும் இரண்டு எலெக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு அயனியாகித் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. செலவு திண்ணையில், பள்ளம் உள்ளறையில். திண்ணை பெரிதாகப் பெரிதாக விருந்தாளிகள் கூடுவார்கள். உள்ளறை சிறிதாக இருந்தால் அதன் தரை சீக்கிரமே குழியாகும். ஈரமான சிங்க் பரப்பு முழுவதும் திண்ணை, நாருக்கு அடியில் கடுகளவு இடம் மட்டும் உள்ளறை என்றால், அந்தக் கடுகளவு இடத்தின் கதி என்ன ஆகும்? உப்பு இந்த வீட்டு முற்றத்தில் ஓடியாடும் வேலையாள். காசு சுவர் வழியே போனால் கணக்கை நேர்செய்ய முற்றத்தில், அதாவது தண்ணீரில், குளோரைடு உள்ளறைப் பக்கமும் சோடியம் திண்ணைப் பக்கமும் நடக்க வேண்டும். வெறும் தண்ணீரில் ஆள் போதாது. வேலை மந்தமாகவே நடக்கும்.

என்னை மிகவும் வியக்கவைப்பது இதற்குப் பிறகு நடப்பது. நடுவில் சேரும் இரும்புக் குளோரைடும் ஓரத்தில் சேரும் சோடியம் ஹைட்ராக்சைடும் இடைவழியில் சந்திக்கின்றன. இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிந்து, ஆக்சிஜன் பட்டுத் துருவாகிறது. கூடவே கிடைப்பது சோடியம் குளோரைடு, அதே சாப்பாட்டு உப்பு! உப்பு செலவாகவே இல்லை. துருவும் இரும்பு கரையும் இடத்தில் படியாமல் தள்ளிப் படிவதால் அந்த இடம் மூடப்படுவதும் இல்லை. போதாக்குறைக்கு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தூய உப்பு தானாகவே நீர்த்துப்போகும். கல் உப்பில் கொஞ்சம் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலோர ஊர்களில் உப்புச் சிந்திய அலமாரிக் கீல் தண்ணீரே படாமல் துருப்பிடிப்பது இதனால்தான்.

இந்தத் துளியை 1920களில் ஆராய்ந்து விளக்கியவர் கேம்பிரிட்ஜின் யூலிக் ரிச்சர்ட்சன் எவான்ஸ். இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. வரலாறு இவ்வளவு போதும். சிங்க்குக்கு வருவோம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலமாக மேலே படர்ந்து காக்கிறது. கீறல் விழுந்தால் ஆக்சிஜனைக் கொண்டு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். ஈர நாருக்கு அடியில் அந்த ஆக்சிஜன்தான் கிடைப்பதில்லை. படலம் பலவீனப்பட்ட இடத்தில் குளோரைடு புகுந்தால் ஊசிமுனைக் குழி விழும். குழிக்குள் கரையும் குரோமியமும் இரும்பும் தண்ணீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். அமிலம் கூடக் கூடக் குழி ஆழமாகும்.

ஆகவே “துருவே பிடிக்காது” என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். காந்தம் ஒட்டாவிட்டால் அசல் ஸ்டீல் என்பதும் சரியல்ல. நல்ல ஸ்டீலான 304 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த, உப்பைத் தாங்கும் வலு குறைந்த மலிவு ரகத்திலும் ஒட்டாது. எலுமிச்சையும் உப்பும் தேய்த்தால் துரு போகும் என்ற வீடியோக்கள் பாதி உண்மை. சிட்ரிக் அமிலம் துருவைக் கரைக்கிறது. ஆனால் கழுவித் துடைக்காமல் விட்டால், புதிதாகத் திறந்த இரும்பும் அதன் மேல் குளோரைடும் மிஞ்சும். சில நாளில் புள்ளி திரும்பும். புளியும் வினிகரும் தோசைக்கல்லின் எண்ணெய்ப் பூச்சை அரித்து இரும்பை வெளியே காட்டிவிடும். ப்ளீச்சிங் பவுடர் குளோரைடையும் தரும், ஆக்சிஜன் செய்யும் வேலையையும் தானே செய்யும். கழிவறை கழுவும் ஆசிட்டின் ஆவி மூடிய குளியலறையில் தங்கிக் குழாய்களில் துருவேற்றும். இவை இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சுக் குளோரின் வாயு வரும். சலவை சோடா இந்தக் கூட்டத்தில் சேராது. காரத்தில் இரும்பின் மேல் காப்புப் படலம் நிலைக்கும். நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

செய்ய வேண்டியது எளிது. நாரைத் தொங்கவிடுங்கள். உப்பு ஜாடிக்கு அடியில் துடையுங்கள். அமிலமோ ப்ளீச்சோ பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உலரத் துடையுங்கள். விலையுயர்ந்த பாலிஷ் எதுவும் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று சோதனைக் குழாய்களில் ஆணி போட்டுக் காட்டும் சோதனை நல்லதுதான். அதோடு நிறுத்தினால் ஆக்சிஜன் வேண்டும் என்பது மட்டும் மனதில் பதிகிறது. அது ஓரிடத்தில் வந்து இன்னோரிடத்தைக் கரைக்கிறது என்பது விட்டுப்போகிறது. பினாப்தலீன் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும். ஃபெரிசயனைடு ஒரு சிட்டிகை போதும். அந்த ஒரு சொட்டையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள்.