நாய்களுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பு

பெண் நாய்க்குச் செய்யப்படும் கருத்தடை என்பது மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, சூலகங்களையும் பெரும்பாலும் கருப்பையையும் அகற்றும் அறுவைச் சிகிச்சை ஆகும். ஆண் நாய்க்கு விதைகள் மட்டும் அகற்றப்படுவதால் அதன் காயம் சிறியது. பெண் நாய்க்கோ தோல், அதன் அடிப்பகுதி, வயிற்றுத் தசை எனப் பல அடுக்குகளில் தையல் போடப்படுகிறது. அதனால் 10 முதல் 14 நாள் வரை கவனமான பராமரிப்பு தேவைப்படும்.

மூன்றாம் நாளின் ஆபத்து

பல நாய்கள் இரண்டு மூன்று நாளிலேயே வாலாட்டிக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும். வலி குறைந்ததையே இது காட்டுகிறது. காயம் ஆறிவிட்டதாகப் பொருள் கொள்ளக்கூடாது. தோல் ஒரு வாரத்தில் ஒட்டியதுபோலத் தெரிந்தாலும், உள்ளே உள்ள தசை வலுப்பெறப் பல வாரங்கள் ஆகும். இடையில் நாய் குதித்தால் உள்தையல் விட்டுப்போகலாம். குடல் பிதுங்கவும் கூடும். ஆகவே மருந்தைப் போலவே ஓய்வும் கட்டாயமானது.

முதல் நாள்

மயக்கம் தெளியும்வரை நாயின் உடல் வெப்பம் குறைந்திருக்கும். ஈரமில்லாத தரையில் பழைய பருத்திச் சேலையை விரித்துப் படுக்க வைத்து, மேலே ஒரு துணி போர்த்தலாம். படிக்கட்டு, திண்ணை, கட்டில் ஆகியவற்றின் பக்கம் விடக்கூடாது. நன்கு விழித்து நிற்கத் தொடங்கிய பின்பே சிறிது தண்ணீர் கொடுக்க வேண்டும். இரவில் வழக்கமான உணவில் பாதியளவு போதும். காரமும் வெங்காயமும் சேர்க்காமல் குழைவாக வடித்த சோறும் வேகவைத்த கோழிக்கறியும் தரலாம். ஒருமுறை வாந்தி எடுத்தால் அஞ்ச வேண்டியதில்லை.

காயத்தைப் பேணுதல்

• காலையும் மாலையும் காயத்தைப் பார்க்க வேண்டும். லேசான சிவப்பும் சிறு வீக்கமும் இயல்பானவை.
• நக்கினால் தையல் பிரியும், கிருமியும் சேரும். எனவே கழுத்தில் கூம்பு வடிவப் பட்டையைத் தையல் பிரிக்கும் நாள்வரை கழற்றாமல் வைக்க வேண்டும்.
• மஞ்சள்தூள், வேப்பெண்ணெய், சாம்பல் எதையும் தடவக்கூடாது. அவை காயத்தின் சிவப்பையும் சீழையும் மறைத்துவிடும்.
• குளிப்பாட்டக் கூடாது. ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈ முட்டையிட்டால் காயத்தில் புழு வைத்துவிடும்.
• வெளிக்குப் போகக் கயிற்றில் பிடித்து, சிறிது தூரம் மட்டுமே நடத்த வேண்டும்.

வலி மருந்து

கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை, சொன்ன அளவில் மட்டும் கொடுக்க வேண்டும். வீட்டிலுள்ள பாராசிட்டமால், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் மாத்திரைகளைத் தரக்கூடாது. பாராசிட்டமால் நாயின் ஈரலையும் இரத்தச் சிவப்பணுக்களையும் தாக்கும். இபுபுரூஃபன் குடலில் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும்.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள்

ஈறு வெளுத்துப் போதல், எழ முடியாத சோர்வு, வயிறு உப்புதல், காயத்திலிருந்து இரத்தம் சொட்டுதல், சீழ் அல்லது நாற்றம், தையல் பிளத்தல், திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு நாளுக்கு மேல் உண்ணாமை, சிறுநீர் கழியாமை. முதல் இரண்டு நாளில் ஈறு வெளுத்தால் உள்ளே இரத்தம் கசிவதாக இருக்கலாம். அப்போது விடியும்வரை காத்திருக்கக்கூடாது.

காஞ்சிபுரம் போன்ற ஊர்களில்

நெசவாளர் வீடுகளில் குழித்தறி இருந்தால், நாய் குழிக்குள் குதித்து ஏறாதபடி தனி இடத்தில் கட்ட வேண்டும். கழிவு நூல் குவியலைப் படுக்கையாக்கினால் இழைகள் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். தெருவில் பாவு நீட்டும் காலை நேரத்தில் வெளியே அழைத்துச் செல்லாமல் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. மேளமும் வாணவேடிக்கையும் நாயை மிரளச் செய்யும். ஆதலால் வரதராசப் பெருமாள் கோயில் வைகாசிப் பெருவிழா, தீபாவளி ஆகிய நாட்களை ஒட்டி அறுவையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நன்று.

தெருநாய்கள்

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் முயற்சியில் சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு முன்னோடி. அது 1964இல் இப்பணியைத் தொடங்கியது. நாடு முழுமைக்குமான விதிகள் 2001இல் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2023இல் புதிய விதிகள் வெளியாயின. கருத்தடையுடன் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடப்படும். அடையாளமாகக் காதில் சிறு வெட்டு இடப்படும்.

திரும்பி வந்த தெருநாய்க்கு வீடு இல்லை. கழுத்துக் கூம்புடன் அதைத் தெருவில் விடவும் முடியாது. அதற்குத் தெருவே வீடு. நாள்தோறும் சோறு வைப்பவர் ஒருவர் இரண்டு வாரம் காயத்தைக் கவனித்தால் போதும். பிள்ளைகள் அதைத் துரத்தி விளையாடாமல் தடுக்க வேண்டும். காயம் பிரிந்திருந்தால், கையால் தூக்க முயலாமல் அறுவை செய்த மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வலியில் இருக்கும் நாய் பழகியவரையும் கடிக்கக்கூடும்.

பின்னர்

தையல் பிரித்து, மருத்துவர் அனுமதித்த பிறகு வழக்கமான நடைக்குத் திரும்பலாம். கருத்தடைக்குப் பின் உடல் எளிதில் பருக்கும் என்பதால் உணவைச் சற்றுக் குறைக்க வேண்டும். முதிய பெண் நாய்களின் உயிரைப் பறிக்கக்கூடிய கருப்பைச் சீழ்நோயிலிருந்து இந்த அறுவை பெரிதும் காக்கிறது.