குழாய் நீருக்கு யார் காவல்?

ஈப்போ நகரிலும் அதைச் சுற்றியுள்ள தாமான்களிலும் காலையில் குழாயைத் திறந்ததும் சில வேளைகளில் லேசாகக் குளோரின் வாடை வருவதுண்டு. "தண்ணீரில் மருந்து அதிகமாகிவிட்டதோ, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், பொதுச் சுகாதாரத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்குக் கவலை தருவது வேறொன்று. வீட்டுக் குழாயில் பிடித்த நீரில் குளோரின் அறவே இல்லை என்று கருவி காட்டினால்தான் அவர்கள் பதறுவார்கள்.

காரணம் எளிது. சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுப் புறப்படும் நீர், பல கிலோமீட்டர் தூரம் மண்ணுக்கடியில் பயணம் செய்கிறது. வழியில் பழைய குழாய்கள், ஒட்டுப் போட்ட இணைப்புகள், மேல்நிலைத் தொட்டிகள். நம் நாட்டில் சுத்திகரித்த நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கணக்கில் வராமலே போய்விடுகிறது. அதில் பெரும்பகுதி கசிவு. நீர் வெளியே கசியும் ஓட்டை வழியாக, குழாயில் அழுத்தம் குறையும்போது வெளியிலுள்ள அழுக்கு உள்ளேயும் வர முடியும். அப்படி வரும் கிருமியைக் கொல்லத்தான் நீரில் கொஞ்சம் குளோரினை மிச்சம் வைத்து அனுப்புகிறார்கள். சுகாதார அமைச்சின் தரத்தின்படி அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, 5 மில்லிகிராமைத் தாண்டவும் கூடாது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதிலும் ஐந்தில் ஒரு பங்குதான் அந்தக் காவல்காரன்!

சரி, ஆற்று நீர் குடிநீராவது எப்படி? பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மரத்துப் பாலில் ஆசிட் ஊற்றினால், அதில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. கலங்கிய ஆற்று நீரில் படிகாரத்தைச் சேர்த்தாலும் ஏறக்குறைய அதே கதைதான். மண்ணும் பாசியும் கிருமியும் திரண்டு பஞ்சு பஞ்சாகி அடியில் படிகின்றன. தோட்டத்தில் கட்டியை எடுத்துக்கொண்டு நீரைக் கொட்டிவிடுவார்கள். இங்கே கட்டியைத் தள்ளிவிட்டு நீரை எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு மணல் வடிகட்டி, அமிலத் தன்மையைச் சரிப்படுத்தச் சுண்ணாம்பு, கடைசியில் குளோரின். பல் சொத்தையைத் தடுக்கச் சிறிதளவு ஃபுளோரைடும் சேர்ப்பதுண்டு.

பேராக்கில் இந்த வேலையைச் செய்வது பேராக் நீர் வாரியம், அதாவது லெம்பாகா ஆயர் பேராக். 1988-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் அமைந்து, 1990 முதல் இயங்கி வருகிறது. ஈப்போவின் தேவைக்கென உலு கிந்தாவில் சுல்தான் அஸ்லான் ஷா அணை கட்டப்பட்டு 2007-இல் நிறைவு பெற்றது. வாரியத்துக்குச் சொந்தமாகப் பரிசோதனை ஏற்பாடுகளும் உண்டு. அப்படியிருக்க, வேறு ஒருவர் வந்து மறுபடியும் சோதிப்பது ஏன்? பணம் விரயம்தானே என்று தோன்றலாம்.

இதற்கான பதில் கனடாவில் இருக்கிறது. ஒண்டாரியோ மாநிலத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூர். மக்கள் தொகை ஐயாயிரம்கூட இல்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச் சாணத்திலிருந்த ஈ கோலை கிருமி ஊர்க் கிணறு ஒன்றில் கலந்தது. குளோரின் போதுமான அளவு போடப்படவில்லை. ஆனால் பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் எழுதப்பட்டிருந்தது. நீரில் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்த தனியார் ஆய்வுக்கூடம், அந்த அறிக்கையை நீர் விநியோகித்த நிறுவனத்துக்கு மட்டுமே அனுப்பியது. ஊரில் வயிற்றுப்போக்கு பரவுகிறதே என்று சுகாதார அலுவலகம் விசாரித்தபோது, நீரில் பிரச்சினை இல்லை என்றே அந்நிறுவனம் பதில் சொன்னது. கடைசியில் ஏழு பேர் மாண்டனர். 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர். விற்பவரே எடைக்கல்லையும் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மலேசியாவில் இந்த எடைக்கல் 1983-லேயே சுகாதார அமைச்சின் கைக்குப் போய்விட்டது. அந்த ஆண்டுதான் தேசியக் குடிநீர்த் தர வழிகாட்டியும் அதையொட்டிய கண்காணிப்புத் திட்டமும் தொடங்கின. நீர் வாரியம் என்ன சொன்னாலும் சரி, மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் ஊழியர்கள் தனியாகப் போய் மாதிரி எடுக்கிறார்கள். ஆற்றில் நீர் எடுக்கும் இடம், சுத்திகரிப்பு நிலையத்தின் வாசல், சேமிப்புத் தொட்டி, அதன் பிறகு ஊருக்குள் ஓடும் குழாய் என்று பாதை நெடுகிலும் இதற்கென்று குறித்து வைத்த இடங்கள் உண்டு. மாதிரிகள் இரசாயன இலாகாவின் ஆய்வுக்கூடத்துக்குப் போகின்றன. அளவு மீறினால் வாரியத்துக்குத் தகவல் போகும். திருத்திய பிறகு மறுபடியும் மாதிரி எடுக்கப்படும்.

நூறு மில்லிலிட்டர் நீரில் ஈ கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. அந்தக் கிருமியின் எல்லா வகையும் ஆளைக் கொல்வதில்லை. ஆனால் அது மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்வது. அது நீரில் இருக்கிறதென்றால் மலக்கழிவு கலந்திருக்கிறது. கூடவே காலராவோ டைபாய்டோ வரலாம் என்று பொருள். ஆனால் இந்தச் சோதனையில் ஒரு சங்கடம் இருக்கிறது. கிருமியை வளர்த்துப் பார்க்க ஒரு நாள் ஆகும். முடிவு வருவதற்குள் அந்த நீரைக் குடித்து முடித்திருப்போம். அதனால்தான் அதிகாரிகள் மாதிரி எடுக்கும் இடத்திலேயே குளோரினையும் கலங்கலையும் அளந்துவிடுகிறார்கள். இதற்குச் சில நிமிடங்கள் போதும். கலங்கல் எதற்கு? மண் துகளுக்குள் ஒளிந்துகொண்ட கிருமியைக் குளோரின் எளிதில் தொட முடியாது. ஈயம், ஆர்செனிக், பூச்சிக்கொல்லி போன்றவற்றை அடிக்கடி பார்ப்பதில்லை. அவை ஒரு வேளையில் ஆளைக் கிடத்துவன அல்ல, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கெடுப்பன. பழைய வெள்ளீயச் சுரங்கங்கள் நிறைந்த கிந்தா பள்ளத்தாக்கில் இந்தச் சோதனையை யாரும் அலட்சியம் செய்ய முடியாது.

மூன்றாவதாக ஒரு காவல் 2008-இல் வந்தது. 2006-ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்ததும், ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம் தீபகற்பத்திலும் லாபுவானிலும் நீர் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பானது. உரிமம் தருபவர் நிபந்தனையும் போடலாம், நடவடிக்கையும் எடுக்கலாம். குடிநீர் அமைப்பில் உயிருக்கு ஆபத்தான பொருளைக் கலப்பவருக்கு அந்தச் சட்டத்தில் சிறைத் தண்டனை உண்டு.

ஆற்றில் தொடங்கும் தொல்லை

இவ்வளவு காவல் இருந்தும் குழாய் வறண்டுபோகும் நாள்கள் வருகின்றன. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் மாநிலம் ரவாங்கில் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்ததால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. பத்து லட்சத்துக்கும் அதிகமான கணக்குகளுக்கு நீர் நின்றது. பலர் நீர் நிறுவனத்தைத் திட்டினார்கள். ஆனால் மூடியதுதான் சரி. படிகாரமும் மணலும் குளோரினும் மண்ணையும் கிருமியையும் வெல்லும். எல்லா இரசாயனத்தையும் வெல்லாது.

அமோனியாவை எடுத்துக்கொள்வோம். வெட்டிய பால் ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்களே, அந்த நெடியைத் தோட்டத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாக்கடை, குப்பை மேடு, பண்ணைக் கழிவு வழியாகவும் அது ஆற்றுக்கு வருகிறது. வந்தால், போடும் குளோரினையெல்லாம் அது விழுங்கிவிடும். கிருமியைக் கொல்ல மிச்சம் இராது. ஆகவே அமோனியா ஏறினால் நிலையத்தை நிறுத்துவதைத் தவிர பெரும்பாலும் வேறு வழியில்லை.

இந்த இடத்தில் சுற்றுச்சூழல் இலாகா வருகிறது. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், செம்பனை ஆலைகளுக்கு 1977-லும், ரப்பர் ஆலைகளுக்கு 1978-லும் தனித்தனிக் கழிவு விதிகள் வந்தன. மற்றத் தொழிற்சாலைகளுக்கு 2009-ஆம் ஆண்டு விதி: குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே கழிவு விடுபவர் கடுமையான 'ஏ' தரத்தையும், கீழே விடுபவர் சற்றுத் தளர்ந்த 'பி' தரத்தையும் கடைப்பிடிக்க வேண்டும். 2024-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, அதிகபட்ச அபராதம் 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால் நிலம், காடு, சுரங்கம் மூன்றும் மாநிலத்தின் அதிகாரத்தில். ஆறும் அப்படியே, பேராக்குக்கும் பொருந்தும் 1920-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் ஆறுகளை மாநில ஆட்சியாளரின் உடைமை என்கிறது. மேட்டில் மரம் வெட்ட அனுமதிப்பவர் ஒருவர், அங்கிருந்து வழிந்து வரும் சேற்றைச் சுத்தம் செய்பவர் இன்னொருவர். இருவரும் ஒரே மேசையில் உட்காராதவரை படிகாரத்தின் செலவு கூடிக்கொண்டே போகும்.

மீட்டருக்கு அப்பால்

நகரத்து வீடு என்றால் இவ்வளவோடு கதை முடிந்தது. மீட்டர் வரை வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்குப் பின் வீட்டுக்காரரின் பொறுப்பு. கூரைத் தொட்டியைப் பல ஆண்டுகளாகத் திறந்தே பார்க்காமல் வாரியத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. (வீடு தேடி வந்து இரண்டு கம்பிகளை நீரில் விட்டு, மின்சாரம் பாய்ச்சி, "பாருங்கள் எவ்வளவு அழுக்கு!" என்று வடிகட்டி விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். அந்தப் பழுப்பு நிறம் கம்பியின் இரும்பு கரைந்து வருவது.)

தோட்டத்தில் அப்படியில்லை. சுங்கை சிப்புட், பீடோர், சுங்காய் வட்டாரங்களில் பழைய ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. பொதுக் குழாய் தோட்டத்து எல்லையில் ஒரே மீட்டரோடு நின்றுவிட்டால், அங்கிருந்து லயன் வீடு வரை போகும் குழாய் தோட்ட நிர்வாகத்துடையது. பொதுக் குழாய் எட்டாத இடத்தில் ஓடை நீரோ கிணற்று நீரோதான். அந்த நீரை முறையாகச் சுத்திகரிக்காவிட்டால் நகரத்துக் குழாயில் பார்த்த காவல் எதுவும் அதற்கு இல்லை.

சட்டம் இதை மறந்துவிடவில்லை. 1966-இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 1990-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. வீடு கொடுக்கும் முதலாளி, தொழிலாளிக்கும் அவரது குடும்பத்தாருக்கும் போதுமான குழாய் நீரை இலவசமாக வழங்க வேண்டும். அது பொதுக் குழாயிலிருந்து வர வேண்டும். முடியாவிட்டால் தொழிலாளர் இலாகாவின் அனுமதியோடு வேறு இடத்திலிருந்து எடுக்கலாம். ஆனால் அதை வடிகட்டிச் சுத்திகரித்தே தர வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட பின் இச்சட்டம் தோட்டத்துக்கு வெளியிலுள்ள முதலாளிகளுக்கும் விரிந்தது. இதைப் பார்வையிட்டு அமல்படுத்துவது தொழிலாளர் இலாகா. தண்ணீர் விஷயத்தில் தொழிலாளர் இலாகாவுக்குப் புகார் செய்யலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

சிக்கல் எங்கே என்றால், இந்தப் பாதுகாப்பு 'தொழிலாளி' என்ற சொல்லோடு கட்டப்பட்டது. தோட்டம் விற்கப்பட்டு, வேலை முடிந்து, மாற்று வீட்டுக்காக அதே லயனில் காத்திருக்கும் குடும்பம் என்ன கணக்கு? அவர்கள் இப்போது யாருக்கும் தொழிலாளி இல்லை. புதிய நில உரிமையாளர் அவர்களுக்கு முதலாளி இல்லை. தனி மீட்டர் கேட்டாலும், தனியார் நிலத்தின் குறுக்கே குழாய் போட அந்த உரிமையாளரின் சம்மதம் வேண்டும். மூன்று தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பம், குடிநீருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பது இந்த இடைவெளியில்தான். வேலை முடிவதற்கு முன்பே, நட்டஈட்டுப் பேச்சுவார்த்தையிலேயே, மாற்று வீடு கிடைக்கும்வரை நீரும் மின்சாரமும் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிவிடுவதே நல்லது. தொகை எவ்வளவு என்று பேசும் வேகத்தில் இந்த ஒரு வரி விடுபட்டுப் போகிறது.

அப்படி எழுதி வாங்காதவர்களுக்கும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. அது மாவட்டச் சுகாதார அலுவலகம். 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி காலரா, டைபாய்டு நோய்களைக் கண்ட மருத்துவர் சுகாதார அதிகாரிக்குத் தகவல் தந்தாக வேண்டும். அதிகாரி நோயின் மூலத்தைத் தேடி வருவார். அங்கே வசிப்பவர் தொழிலாளியா, யாருடைய நிலம் என்பதெல்லாம் கிருமிக்குத் தெரியாது. அதிகாரியும் அதைக் கேட்க வேண்டியதில்லை. நோய் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நீரில் நிறமோ வாடையோ மாறினால், அல்லது இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு என்றால், தேதியோடு குறித்துவைத்து அந்த அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.

ஒன்று மட்டும். நீரைப் பழைய போத்தலில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனால் அது சோதனைக்கு உதவாது. கிருமிச் சோதனைக்குரிய போத்தல் கிருமி நீக்கப்பட்டது. நீரிலுள்ள குளோரினை முறிக்கும் உப்பும் அதில் போடப்பட்டிருக்கும். மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து, தாமதிக்காமல் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஆகவே கேட்க வேண்டியது, "இந்தத் தண்ணீரைச் சோதித்துச் சொல்லுங்கள்" என்றல்ல. "எங்கள் லயனுக்கு வந்து நீங்களே மாதிரி எடுங்கள்" என்று.