ஒரு படுக்கை, இரு பயணியர்

பொங்கல் விடுமுறை முடிந்ததும் கரிசல் நிலத்து ஊர்கள் ஒரே நேரத்தில் பயணத்திற்கு ஆயத்தமாகும். விளாத்திகுளம் வட்டத்துப் புதூரிலிருந்து, பருத்தியும் மிளகாயும் விளையும் நிலங்களைக் கடந்து பேருந்தில் கோவில்பட்டிக்கு வருவோர், அங்கே நெல்லை விரைவு வண்டியில் ஏறி மறுநாள் காலை சென்னையில் இறங்குவர். அந்நாள்களில் படுக்கை கிடைப்பது அரிது. வண்டியில் ஒரே ஒரு படுக்கை எஞ்சியுள்ளது எனக் கொள்க. கோவில்பட்டி நிலையத்தின் முன்பதிவுச் சாளரத்தில் புதூர்க்காரர் ஒருவரும் திருநெல்வேலி நிலையத்தில் வேறொருவரும் அதே நொடியில் அதனைக் கேட்கின்றனர். இருவருக்கும் பயணச்சீட்டு கிடைத்துவிட்டால், நள்ளிரவில் ஒரே படுக்கையின் முன் இருவர் நிற்பர். இரண்டு சீட்டுகளும் மெய்யானவை. பரிசோதகர் எவரை இறக்கிவிடுவார்?

பொறியியற் கல்லூரிகளில் கணினி அறிவியல் பயில்வோர் இயக்க முறைமை, தரவுத்தள மேலாண்மை, பகிர்வுக் கணிமை எனத் தனித்தனியாகக் கற்கும் பாடங்கள் மூன்றும் இந்த ஒரு வினாவில் வந்து கூடுகின்றன. கோவில்பட்டியில் 1984இல் தொடங்கப்பட்ட நேஷனல் பொறியியல் கல்லூரியின் மாணவர், விடுமுறைக்குப் பின் ஊர் திரும்பும் கூட்டத்தைக் கண்டாலே போதும். பாடநூலின் பாதி அவர் கண்முன் நிற்கும்.

பேரேட்டிலிருந்து கணினிக்கு

கணினி வருவதற்கு முன் இச்சிக்கல் எழவில்லை. ஒரு வண்டிக்கு ஒரு பேரேடு. அதனை விரித்து எழுத ஓர் எழுத்தர். பேரேடு ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர் அதில் எழுத இயலாது. ஆயினும் அந்த ஒழுங்கிற்குப் பயணி கொடுத்த விலை பெரிது. அந்தந்த வண்டிக்குரிய சாளரத்திலேயே நிற்க வேண்டும். திரும்பும் பயணத்திற்குத் தந்தி அடித்து மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும்.

1985இல் புதுதில்லியில் கணினிவழி முன்பதிவு தொடங்கியது. அடுத்த ஆண்டு இரயில்வே தகவல் அமைப்பு மையம் நிறுவப்பட்டது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களில் கணினிகள் அமைந்தன. அம்மையம் உருவாக்கிய ‘கான்சர்ட்’ என்னும் மென்பொருள் 1994இல் செகந்திராபாத்தில் செயற்பாட்டுக்கு வந்தது; 1999இல் ஐந்து மையங்களும் ஒரே வலையாயின. 2002 ஆகஸ்டில் இணையவழி முன்பதிவும் வந்தது. எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் சீட்டு எடுக்கலாம் என்ற நிலை பயணிக்குப் பெரும் வசதி. மென்பொருள் எழுதுவோருக்கோ, ஒரே பேரேட்டில் ஆயிரம் கைகள் எழுதும் நிலை.

அழியும் கணக்கு

பிழை நுழையும் இடம் மிக நுண்ணியது. படுக்கை ஒன்றை ஒதுக்கக் கணினி மூன்று செயல்களைச் செய்கிறது: எஞ்சிய எண்ணிக்கையைப் படித்தல், போதுமா எனப் பார்த்தல், ஒன்றைக் குறைத்து எழுதுதல். கோவில்பட்டிக் கோரிக்கை ‘1’ என்று படிக்கிறது. அது எழுதுமுன் திருநெல்வேலிக் கோரிக்கையும் ‘1’ என்றே படிக்கிறது. முன்னது ‘0’ என எழுதிச் சீட்டு வழங்குகிறது. பின்னதும் ‘0’ என எழுதிச் சீட்டு வழங்குகிறது. தரவுத்தளத்தைத் திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். கணக்கில் சுழியம், வெளியில் இரண்டு சீட்டு. இப்பிழை ஆயிரம் முறையில் ஒருமுறைதான் நிகழும். சோதனைக் கூடத்தில் நிகழாது. பொங்கல் கூட்டத்தில் நிகழும். கணினித் துறையின் பிழைகளுள் பிடிபடுவதற்கு இதனினும் கடினமானவை சிலவே.

(ஆர்ஏசி எனப்படும் ஏற்பாட்டில் பக்கவாட்டுப் படுக்கை ஒன்று இரு பயணியருக்கு இருக்கைகளாகத் தரப்படுவது உண்டு. அஃது அறிந்தே செய்யும் பங்கீடு. இங்குப் பேசப்படுவது அதுவன்று.)

இருப்புப்பாதை சொன்ன தீர்வு

வியப்பு யாதெனில், இதற்கான விடையை இருப்புப்பாதை கணினிக்கு முன்பே வைத்திருந்தது. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 1876இல் வண்டி ஓடத் தொடங்கியது. கோவில்பட்டி அவ்வழியில் உள்ள ஊர். நெடுங்காலம் அது ஒற்றைப் பாதை. எதிரெதிராக வரும் இரு வண்டிகள் ஒரே பாதையில் நுழைந்துவிடாமல் காத்தது ‘டோக்கன்’ என்னும் சிறு பொருள். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒன்றிலிருந்து டோக்கனை எடுத்துவிட்டால், அது மீண்டும் ஒரு கருவிக்குள் இடப்படும் வரை இரண்டில் எதிலிருந்தும் மற்றொன்றை எடுக்க இயலாது. வளையத்தில் கோத்த பையில் அதனை வைத்து நிலையத்தார் நீட்ட, ஓடும் வண்டியிலிருந்தே ஓட்டுநர் கையால் வாங்கிக்கொள்வார். டோக்கன் இல்லாத ஓட்டுநருக்குப் பாதை இல்லை.

நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965ஆம் ஆண்டுவாக்கில் இயக்க முறைமைகளுக்கென இதே கருத்தை வகுத்தார். தம் கருவிக்கு அவர் சூட்டிய பெயர் ‘செமஃபோர்’, அதாவது இருப்புப்பாதையின் கைகாட்டி. ஒரு செயல்முறை உள்ளே நுழையும்போது கைகாட்டி மற்றவற்றைத் தடுக்கும். வெளியேறும்போது அடுத்ததற்கு வழிவிடும். தரவுத்தளங்களில் இது ‘பூட்டு’ ஆயிற்று. பூட்டுகளை எந்த ஒழுங்கில் போட்டு எந்த ஒழுங்கில் விடுவித்தால் கணக்குப் பிறழாது என்பதனை 1976இல் கே. பி. ஈசுவரன், ஜிம் கிரே, ரேமண்ட் லோரி, இர்விங் டிரெய்கர் ஆகியோர் நிறுவினர். ஒரு பூட்டை விடுவித்த பின் புதிய பூட்டு எதனையும் போடலாகாது என்பதே அவர்கள் கண்ட நெறி.

பூட்டு புதிய தொல்லையையும் கொணர்ந்தது. ஒருவர் முதற்பெட்டியைப் பூட்டிக்கொண்டு இரண்டாம் பெட்டிக்குக் காத்திருக்கிறார். மற்றவர் இரண்டாம் பெட்டியைப் பூட்டிக்கொண்டு முதற்பெட்டிக்குக் காத்திருக்கிறார். ஒற்றைப் பாதையில் முகத்துக்கு முகம் நின்ற வண்டிகளைப் போல இருவரும் நகரார். இதற்கு முட்டுக்கட்டை என்று பெயர். எல்லோரும் எண் வரிசையிலேயே பூட்ட வேண்டும் என விதித்தால் முட்டுக்கட்டை பிறப்பதில்லை. விதிக்க இயலாதபோது ஒருவரை விலக்கி, அவர் செயலை முதலிலிருந்து தொடங்கச் செய்வர்.

சிட்டையும் பேரேடும்

இணையவழி முன்பதிவில் இன்னொரு துயரம் பலரும் அறிந்தது: வங்கியில் பணம் கழிந்திருக்கும், சீட்டு வந்திராது. பணம் கழிவதும் படுக்கை ஒதுங்குவதும் இரண்டும் நிகழ வேண்டும், அல்லது இரண்டும் நிகழக் கூடாது. இப்பண்பு பிளவுறாமை எனப்படும். ஒரே தரவுத்தளத்துக்குள் இதனைக் காக்கும் வழி, கடைத்தெரு வணிகருக்குப் புதிதன்று. வரவு செலவை முதலில் சிட்டையில் எழுதி, பின்னரே பேரேட்டில் ஏற்றுவர். கணினியும் செய்யவிருப்பதை முதலில் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறது. இடையில் மின்சாரம் போனாலும், மீண்டும் எழுந்தவுடன் குறிப்பேட்டைப் படித்து, முற்றுப்பெற்றவற்றை நிலைநாட்டி, அரைகுறையானவற்றை அழித்துவிடுகிறது. பரிமாற்றக் கோட்பாட்டிற்கு உருவம் தந்த ஜிம் கிரே 1998இல் டூரிங் விருது பெற்றார். 2007 சனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகில் கடலுக்குச் சென்றவர் திரும்பவில்லை. செயற்கைக்கோள் படங்களைப் பகுத்துத் தேடியும் படகு கிடைக்கவில்லை.

வங்கி வேறு, இரயில்வே வேறு என்னும்போது ஒரு குறிப்பேடு போதாது. நடுவர் ஒருவர் இருதரப்பையும் ‘ஆயத்தமா?’ என்று கேட்டு, இரண்டும் இசைந்த பின்னரே ‘முடிக்க’ என்று ஆணையிடும் முறை ஒன்றுண்டு. இசைவு தெரிவித்த பின் நடுவரின் குரல் அறுந்துபோனால், அத்தரப்பு தானாக முடிவெடுக்க இயலாமல் பூட்டோடு காத்திருக்க நேரும். தனித்தனி நிறுவனங்கள் இத்தகைய பிணைப்பை விரும்புவதில்லை. ஆகவே முதலில் பணம் கழிகிறது. சீட்டு வழங்க இயலாதெனில் ஈடாகப் பணம் பின்னர்த் திருப்பி வரவு வைக்கப்படுகிறது. இடைப்பட்ட நாள்களின் கவலையைச் சுமப்பவர் பயணியே என்பது இம்முறையின் குறை. அதனை எந்தக் கோட்பாடும் மறைத்துவிட இயலாது.

குளிரூட்டப்படாத வகுப்புகளுக்கான தட்கல் முன்பதிவு காலை 11 மணிக்குத் தொடங்குகிறது. அந்த ஒரு மணித்துளியில் எண்ணற்ற கோரிக்கைகள் ஒரே வண்டியின் கணக்கின்மேல் வந்து விழுகின்றன. ஒவ்வொரு பூட்டும் எவ்வளவு குறுகிய நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு விரைவாக வரிசை நகரும். பெயர், வயது ஆகியவற்றைப் பயணி தட்டச்சு செய்து முடிக்கும் வரை படுக்கையைப் பூட்டி வைக்கும் மென்பொருள் அன்றே முடங்கிப்போகும். இறுதி நொடியில் மட்டும் பூட்டி, எண்ணிக்கையை மறுமுறை படித்து, எழுதி, விடுவித்தல் வேண்டும்.

எஞ்சிய அந்தப் படுக்கைக்குத் திருநெல்வேலிக் கோரிக்கை நொடியின் சிறு பின்னம் முந்திப் பூட்டியது எனக் கொள்க. கோவில்பட்டிக் கோரிக்கை காத்திருந்து, பூட்டுத் திறந்ததும் எண்ணிக்கையைப் படிக்கிறது. இப்போது அது சுழியம். புதூர்க்காரரின் கைக்கு வரும் சீட்டில், காத்திருப்போர் பட்டியலில் முதலாமவர் என்று அச்சாகியிருக்கிறது.