எதிர்ப்பக்கம் நிற்க ஓர் ஆள்

யாங்கூனில் மழை விட்டு நவம்பர் பிறந்ததும் என் மகள் டென்னிஸ் மட்டையோடு வந்து நின்றாள். "அப்பா, நீங்களும் வாங்க. கூட ஆட ஆள் இல்லை." எனக்கு வயது 46. "அதெல்லாம் பணக்காரங்க ஆட்டம்மா" என்றேன். என் அப்பா எனக்குச் சொன்ன அதே பதில்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அன்றைய பர்மாவில் டென்னிஸ் என்றால் வெள்ளைக்காரர் கிளப். ஜார்ஜ் ஆர்வெல் 1934இல் வெளியிட்ட பர்மா நாவலில் வீராசாமி என்றொரு இந்திய டாக்டர் வருகிறார். பேரைக் கேட்டாலே நம்ம பக்கத்து ஆள் என்று தோன்றும். ஊர் கிளப்பில் உறுப்பினராக வேண்டும் என்று ஏங்குகிறார், கடைசிவரை நடக்கவில்லை. படித்த டாக்டருக்கே அந்தக் கதி என்றால், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம் தாத்தாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிறகு 1964இல் கடைகள் அரசுடைமையாயின. கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். இங்கேயே தங்கியவர்களுக்குப் பிழைப்புதான் பெரிசு. ஆட்டம் எங்கே?

ஆனால் இந்த ஆட்டத்தில் நமக்கும் பங்கு உண்டு. 1937இல் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார்; 1960, 1961 இரண்டு ஆண்டும் பெரியவர்கள் பிரிவில் அரையிறுதி வரை போனார். சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அப்பா டி.கே.ராமநாதன். கிருஷ்ணன் முரட்டு பலத்தை நம்பியவர் அல்ல. பந்தை நினைத்த இடத்தில் வைப்பதுதான் அவர் பலம். மகன் ரமேஷும் 1979இல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார்.

சரி, நான் கற்றது என்ன? முதலில் பிடி. உள்ளங்கையை மட்டையின் நரம்பில் வைத்து, அப்படியே கைப்பிடி வரை வழுக்கிக் கொண்டுவந்து, கைகுலுக்குவதுபோலப் பிடித்தால் ஃபோர்ஹேண்ட் பிடி. பந்து வருவது தெரிந்ததும் தோளைத் திருப்ப வேண்டும். உடம்புக்கு முன்னால் பந்தைச் சந்தித்து, மட்டையைக் கீழிருந்து மேலே கொண்டுபோய் எதிர்த்தோளில் முடிக்க வேண்டும். பேக்ஹேண்டுக்கு இரண்டு கை வைத்தால் தொடக்கக்காரருக்குச் சுலபம். வாலி என்றால் வீசக் கூடாது. தட்டி நிறுத்தினால் போதும். சர்வீஸில் பாதி வேலை பந்தை நேராக மேலே போடுவதுதான்.

என் பெரிய தப்பு, நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டியது. இங்கே தெருவில் சின்லோன் ஆடும் பையன்களைப் பாருங்கள், பிரம்புப் பந்துக்கு முன்னே கால் போய்விடும். டென்னிஸிலும் அதுதான், முதலில் கால், பிறகு கை.

78 அடி நீளக் கோர்ட்டைப் பார்த்து மலைக்க வேண்டாம். வலையிலிருந்து 21 அடியில் உள்ள சர்வீஸ் கோட்டருகே நின்று மெதுவாகத் தட்டிப் பழகலாம். சாதாரணப் பந்தைவிட 25 சதவீதம் வேகம் குறைந்த பச்சைப் புள்ளிப் பந்து கிடைத்தால் இன்னும் நல்லது. கோர்ட் கிடைக்காத நாளில் ஒரு சுவர் போதும்.

எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. மகளுக்குப் பள்ளியில் பர்மியம், டியூஷனில் ஆங்கிலம்; தமிழ் என்றால் பாட்டியிடம் நாலு வார்த்தை. பயிற்சியாளர் பர்மிய மொழியில் சொல்வதை நான் அவளுக்குத் தமிழில் திருப்பிச் சொல்லத் தொடங்கினேன். இப்போது அவள்தான் எனக்குச் சொல்கிறாள்: "அப்பா, தோளைத் திருப்புங்க! முட்டியை மடக்குங்க! பந்தைப் பாருங்க!" ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, ஒரு மணி நேரம் தமிழில் என்னைத் திட்டுகிறது.

உங்கள் பிள்ளையும் ஒருநாள் மட்டையோடு வந்து நிற்கலாம். பணக்காரங்க ஆட்டம் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். போய் எதிர்ப்பக்கம் நில்லுங்கள்.