பால்குடி மறக்கும் பருவமும் ஒவ்வாத உணவும்

யான் மருத்துவன் அல்லன். செகந்திராபாத்தில் ரயில்வே காரியாலயத்தில் பேனா பிடிக்கும் குமாஸ்தா. எனினும் எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒரு துன்பமும், அதனால் கற்ற பாடமும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் மகனுக்கு ஆறு திங்கள் நிறைந்ததும் பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் சன்னிதியில் சோறூட்டினோம். அடுத்த திங்களில், ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார், எருமைத் தயிர் பிசைந்த சோற்றில் ஒரு சிறு கவளம் அன்போடு ஊட்டினார். கால் மணி நேரத்திற்குள் குழந்தையின் உதடு வீங்கிற்று, உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன, உண்டதெல்லாம் வாந்தியாயிற்று. ஆட்டோவில் அள்ளிக்கொண்டு ஓடினோம். பரிசோதித்த மருத்துவர், இது பாலில் உள்ள புரதத்தால் வந்த ஒவ்வாமை என்றார். பால் செரியாமை வேறு, பால் ஒவ்வாமை வேறு என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அச்சம் வீட்டில் குடிபுகுந்தது. என் மனைவி காப்பியை விட்டாள், தயிரை விட்டாள், பிறகு வேர்க்கடலை, கத்தரிக்காய், கோதுமை என ஒவ்வொன்றாக விட்டாள். இரண்டு திங்களில் அவள் இளைத்ததே மிச்சம். மருத்துவர் இதைக் கேட்டுக் கடிந்துகொண்டார். "நீங்கள் பாலும் காப்பியும் பருகிய நாட்களில் தாய்ப்பால் குழந்தைக்கு ஒத்துக்கொண்டதல்லவா? பின் எதற்கு இந்தப் பட்டினி?" என்றார். தாய் உண்பது தாய்ப்பால் வழியே சில குழந்தைகளைத் தாக்குவதுண்டு. அவ்வாறு கண்டறியப்பட்டால் மட்டுமே, மருத்துவர் சொல்லும் பொருளை மட்டும், சொல்லும் காலம் வரை தாய் விலக்க வேண்டும் என்பதே அவர் கூறியதன் சாரம்.

குழந்தைக்கு ஓராண்டு நிறைந்தது. "போதும், வேப்பிலையை அரைத்துப் பூசி மறக்கடி" என்று பெரியவர்கள் கூறலாயினர். நல்லெண்ணத்தால் கூறியதே, ஆனால் மறக்கடித்தபின் எதைக் கொடுப்பது? பசு, எருமை, வெள்ளாடு ஆகியவற்றின் பாலிலுள்ள புரதங்கள் பெரிதும் ஒத்தவை. ஆகையால் ஒன்று ஆகாத குழந்தைக்கு மற்றவையும் பெரும்பாலும் ஆகா. ஆறு திங்கள் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் உணவோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எங்களுக்கு அதுவே கைகொடுத்தது.

தக்க மாற்றுணவின்றித் திடீரெனப் பால் நிறுத்துவதன் தீமையை உலகுக்கு உணர்த்தியவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். அவர் 1930களில் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் 'குவாஷியோர்கர்' என்னும் நோயை விவரித்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்த மூத்த குழந்தையின் நோய் என்பது அப்பெயரின் கருத்து. நம் நாட்டில் இந்நோயை ஆராய்ந்தவர்களுள் தலையானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் 1918இல் தொடங்கி, 1958இல் ஹைதராபாத்துக்கு வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக விளங்கியவர் அவர்.

அந்நிறுவனம் வகுத்த 'ஹைதராபாத் கலவை' எளியது: வறுத்த கோதுமை 40 கிராம், கடலைப்பருப்பு 16 கிராம், வேர்க்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். இதில் சுமார் 330 கலோரியும் 11 கிராம் புரதமும் உண்டு, பால் இல்லை. எனினும் ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு இதனை ஒருசேரக் கலந்து ஊட்டலாகாது. ஒரு பொருள், சிறிதளவு, பகற்பொழுதில், மூன்று நாள் பொறுத்திருந்து அடுத்தது என்னும் முறையில் நாங்கள் நடந்தோம். அண்டை வீட்டுத் தெலுங்கு அம்மையார் காட்டிய ராகி ஜாவா, அதாவது நம் கேழ்வரகுக் கூழ், சுண்ணாம்புச் சத்தை அளித்தது.

வேர்க்கடலைக்கு அஞ்சி அதனைப் பல்லாண்டு தள்ளிப்போடுவதும் நன்றன்று. லண்டனில் ஒவ்வாமைக்கு ஆளாகக்கூடிய 640 குழந்தைகளிடம் நடந்து, 2015இல் வெளியான ஆய்வில், முதலாண்டிலேயே அதை உண்ணத் தொடங்கியவர்களிடம் வேர்க்கடலை ஒவ்வாமை மிகக் குறைவாகவே தோன்றியது. ஆனால் கடும் கரப்பானோ, வேறு ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். எங்கள் மகன் அவர் முன்னிலையில்தான் முதன்முதல் சுவைத்தான். முழுக்கடலை தொண்டையில் சிக்கும். நன்கு அரைத்துக் குழைத்தே ஊட்ட வேண்டும்.

கடையில் வாங்கும் பிஸ்கத்தின் உறையைப் படித்துப் பாருங்கள். பால்பொடி அங்கும் ஒளிந்திருக்கும். மூச்சுத் திணறினாலோ, குழந்தை துவண்டாலோ கைவைத்தியம் வேண்டாம்; உடனே 108ஐ அழையுங்கள். அந்தச் சேவை 2005இல் தொடங்கியது நம் ஹைதராபாத்தில்தான்.

மகனுக்கு இரண்டு வயது கடந்தபின், முதலில் பகற்பாலையும் பிறகு இரவுப்பாலையும் என் மனைவி மெல்ல நிறுத்தினாள். வேப்பிலை தேவைப்படவில்லை. எருமைத் தயிரை அவன் இன்னும் தொடவில்லை. பல குழந்தைகளுக்கு வளர வளர இவ்வொவ்வாமை நீங்குமாதலால், மருத்துவர் குறித்த நாளில் அவர் முன்னிலையிலேயே மீண்டும் சோதிக்க இருக்கிறோம். இப்போது என் தாயார் ஊரிலிருந்து வரும்போது கேழ்வரகு மாவுதான் கொண்டு வருகிறார். ஊட்டுமுன், "இது அவனுக்கு ஆகுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கிறார். அந்த ஒரு வார்த்தையை ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப் பழகிக்கொண்டால் போதும்.