மருந்தை மருந்து வெட்டிய கதை

பாரிசவாதம் என்னும் சொல்லிலே பாரிசம் என்பது பக்கத்தைக் குறிக்கும். கையும் காலும் ஒரு பக்கமாக விழுந்துவிடுதலைக் கண்டவர்கள், கண்ட இடத்தை வைத்தே நோய்க்குப் பெயரிட்டார்கள். நோய் இருக்குமிடமோ மூளை. அங்கே நாடியொன்று குருதிக்கட்டியால் அடைபடுகின்றது. அன்றேல் வெடித்துக் குருதி கசிகின்றது. ஈண்டு யான் எழுதப் புகுந்தது முன்னையதைப் பற்றியே.

நாடி அடைபட்டவுடன் அது ஊட்டிவந்த மூளைப்பகுதி முழுவதும் ஒருங்கே இறந்துபடுவதில்லை. நடுப்பகுதி விரைவில் அழியும். அதனைச் சூழ்ந்த பகுதியோ, அயல் நாடிகளிலிருந்து வரும் சிறிதளவு குருதியைக் கொண்டு, செயலற்று, ஆயினும் உயிரோடு கிடக்கும். கிரகணத்திலே கருநிழலைச் சூழ்ந்து தோன்றும் அரைநிழலின் பெயரையே மேனாட்டறிஞர் இதற்கு இட்டனர். பெயரிட்டோர் புலவரல்லர், எனினும் இதனிற் பொருத்தமான பெயரை யான் கண்டிலேன். கிரகண நிழல் தானே விலகும். இந்நிழலோ, நாம் விலக்காவிடின் கருநிழலாகவே முடியும். பெருநாடி அடைபட்டால் நிமிடந்தோறும் 19 இலட்சம் நரம்புக்கலங்கள் மடிகின்றன என்று 2006ஆம் ஆண்டிற் கணக்கிட்டுச் சொன்னார்கள். மருத்துவன் கருதவேண்டியவற்றுள் காலத்தையும் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். இந்நோயிலே அக்காலம் நிமிடக் கணக்காகின்றது.

அரைநிழலை மீட்க இரு வழிகள் உண்டு. ஒன்று, கட்டியைக் கரைத்துக் குருதிக்கு வழி திறத்தல். மற்றையது, வழி திறக்கும்வரை கலங்களைக் காத்தல். குருதி குன்றிய கலங்கள் குளூட்டமேற்று என்னும் பொருளை அளவிறந்து சொரிகின்றன. அளவோடிருக்கும்போது அது கலத்துக்குக் கலம் செல்லும் தூது. அளவு கடந்தபோது அயற்கலத்தினுள்ளே கல்சியத்தைப் பாயவிட்டு அதனைக் கொல்லும் பகை.

கரைக்கும் வழியை முயல்கள் காட்டின. அமெரிக்க நரம்பியலறிஞர் ஜஸ்ரின் சிவினும் அவர் குழுவினரும் முயலின் கழுத்து நாடியிலே சிறு குருதிக்கட்டிகளைச் செலுத்தி, அவற்றை மூளைக்கு அனுப்பினார்கள். எவ்வளவு கட்டி சென்றால் முயல்களிற் பாதி நோயுறும் என்று அளந்தார்கள். மருந்து கொடுத்தபோது அந்த அளவு எவ்வளவு உயர்கின்றது என்று பார்த்தார்கள். அவ்வாய்வு 1985இல் வெளிவந்தது. 1995இல், 624 நோயாளரிடம் நடத்திய சோதனையில், நோய் தொடங்கி 3 மணி நேரத்துக்குள் கொடுத்த அதே மருந்து மனிதருக்கும் பயன்பட்டமை தெரிந்தது. அல்ரெப்பிளேஸ் என்பது அதன் பெயர். மருந்து பெற்றோருள் நூற்றுக்கு ஆறு பேர்வரையில் மூளையிலே குருதி கசிந்தமையையும் மறைத்தலாகாது.

1991இல் சிவின் இரண்டு வழிகளையும் ஒன்றாக்கினார். கரைக்கும் மருந்தோடு குளூட்டமேற்றைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்தபோது முயல்கள் மேலும் நலம் பெற்றன. ஆனால் மனிதரிடம் சென்ற காப்பு மருந்துகளிற் பெரும்பாலானவை வெறுங்கையோடு திரும்பின. விலங்குகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் சோதிக்கப்பட்டவை முதலாக, பாரிசவாதத்துக்கென ஆராயப்பட்ட சிகிச்சைகள் 1,026 என்று 2006இல் எண்ணினார்கள். இவ்வாய்வுகளில் வரும் முயலும் குரங்கும் எலியும் தாமாக நோயுற்றவையல்ல. நாம் கொடுத்த நோய் அது. அந்தக் கடனை எண்ணும்போது இத்தொகை உறுத்துகின்றது.

அவற்றின் பின் வந்தது நெரினெற்றைட். அமினோ அமிலங்கள் 20 கோத்த சிறு சங்கிலி அது. கனடாவின் ரொறன்ரோ நகர அறிஞர் அதனைக் குரங்குகளுக்குக் கொடுத்து மூளையின் சேதம் குறைந்ததைக் கண்டு, 2012இல் வெளியிட்டனர். அக்குரங்குகளின் நாடியை அடைத்தது கருவி. எனவே கரைக்கும் மருந்துக்கு அங்கே வேலையில்லை. இதனை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் 1,105 நோயாளரிடம் நடந்த சோதனையின் முடிவு 2020இல் வந்தது. மொத்தத்திற் பயனில்லை. ஆனால் அல்ரெப்பிளேஸ் பெறாதவர்களை மட்டும் பிரித்து நோக்கியபோது, நெரினெற்றைட் பெற்றோருள் 59.3 வீதத்தினர் தம் கருமங்களைத் தாமே செய்யும் நிலையை அடைந்திருந்தனர், பெறாதோருள் 49.8 வீதத்தினர்.

காரணம் இது: அல்ரெப்பிளேஸ் தானாகக் கட்டியை அறுப்பதில்லை. குருதியிலே உறங்கும் பொருளொன்றை எழுப்பிப் பிளாஸ்மின் ஆக்குகின்றது. பிளாஸ்மினே அறுக்கும் வாள். கட்டியின் நாரும் புரதம். நெரினெற்றைட்டும் புரதத்தை ஒத்த சங்கிலி. பகைவனை அறுக்க வந்த வாள் காவலனையும் வெட்டிவிட்டது.

எலிகளுக்குத் திரும்பினார்கள். இம்முறை குருதிக்கட்டியாலேயே நாடியை அடைத்தனர். நெரினெற்றைட்டை முதலிற் கொடுத்துச் சில நிமிடங்களின் பின் அல்ரெப்பிளேஸைக் கொடுத்தால் இரண்டும் பயன் தந்தன. முறை மாறினால் முன்னையது வீணாயிற்று. தமிழிலே சொற்கள் முறை மாறினும் வேற்றுமையுருபு பொருளைக் காத்துக்கொள்ளும். மருந்துக்கு அந்த வசதியில்லை. கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மாறிய அமினோ அமிலங்களை இட்டு, வாளுக்கு வெட்டுப்படாத சங்கிலியொன்றையும் செய்தனர். இது 2021இல் வெளிவந்தது.

அதன் பின்னரும் கதை நேராகச் செல்லவில்லை. அல்ரெப்பிளேஸ் பெறாத 850 நோயாளரிடம் நெரினெற்றைட்டைச் சோதித்த முடிவு 2025இல் வெளியாயிற்று. முன்னர்க் கண்ட வேறுபாடு மீண்டும் தோன்றவில்லை. பிளாஸ்மின் வெட்டியது உண்மைதான். வெட்டாது விட்டிருந்தால் அச்சங்கிலி மனித மூளையைக் காத்திருக்குமா என்பதே இப்போதுள்ள வழக்கு.